குர்ஆவும் காசநோயும்: சென்னை ஆய்வுகள் அளித்த விடைகள்

என் நன்னியின் வீட்டு அடுக்களை மாடத்தில் ஒரு பித்தளைத் தம்ளர் எப்போதும் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகள் எவரும் அதைத் தொடக் கூடாது. நன்னியின் மூத்த சகோதரர் பயன்படுத்திய தம்ளர் அது என்பதை வெகுகாலம் கழித்தே அறிந்துகொண்டேன். 1950களின் தொடக்கத்தில் அவர் எலும்புருக்கி நோய் கண்டு, கீரனூரிலிருந்து வெகுதொலைவில் இருந்த சானடோரியம் ஒன்றுக்கு அனுப்பப்பட்டார். போனவர் திரும்பவில்லை. தந்தி வந்து சேருமுன்னே அங்கேயே அடக்கமும் முடிந்துவிட்டது. “வீட்டிலேயே வச்சிருந்தா பிழைச்சிருப்பாரோ?” என்று நன்னி தம் இறுதிக் காலம்வரை கேட்டுக்கொண்டிருந்தார். வயதானவர்களின் ஆற்றாமை என்றே நாங்கள் அதை எடுத்துக்கொண்டோம். ஆனால் இதே கேள்வியை, அந்த மரணத்திற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், சென்னை சேத்துப்பட்டில் மருத்துவர் குழு ஒன்று முறைப்படி எழுப்பி, விடையும் கண்டது. அந்த விடை உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நம் மாநிலத் தலைநகரில் நடந்த அந்த ஆய்வை நம்மவரில் பலர் அறியார்.

தமிழில் கயம், காசம், எலும்புருக்கி எனவும், அரபியில் ‘ஸில்லு’ எனவும், யூனானி ஹகீம்களின் வழக்கில் ‘திக்கு’ எனவும் பெயர் பெற்ற இந்நோய்க்கு, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நேரான மருந்து இருந்ததில்லை. தூய காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு ஆகிய மூன்றையும் நம்பியே சானடோரியங்கள் எழுந்தன. சென்னைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்று இன்றும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றே அழைக்கப்படுவது அக்காலத்தின் எச்சம். 1940களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசினும், தொடர்ந்து பி.ஏ.எஸ். எனப்படும் மருந்தும், 1952இல் ஐசோனியசிட்டும் வந்தன. மருந்து வந்தபின்னும் நோயாளியைச் சானடோரியத்தில் கிடத்தியே மருந்து கொடுக்க வேண்டும் என்பதுதான் மேனாட்டு மருத்துவர்களின் உறுதியான கருத்து. இந்தியாவிலோ நோயாளிகள் இலட்சக்கணக்கில். காசநோய்ப் படுக்கைகளோ ஆயிரங்களில் எண்ணத்தக்கவை. படுக்கை கிடைத்தால்தான் மருத்துவம் என்றால், பெரும்பாலோர்க்கு மருத்துவமே இல்லை என்று பொருள்.

இந்நிலையில்தான் 1956இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் இயக்குநர். நெரிசலான குடியிருப்பில், அரைவயிற்று உணவோடு வாழும் ஏழை நோயாளி, வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொண்டால், சானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமடைவாரா என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

கேள்வி எளிது. விடை காணும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. நூறு பேரை வீட்டிலும் நூறு பேரைச் சானடோரியத்திலும் வைத்துப் பார்த்தால் போதாதா என்று தோன்றலாம். யாரை எங்கே வைப்பது என்பதை யார் முடிவு செய்வது? மருத்துவர் முடிவு செய்தால், நோய் முற்றியவரிடம் இரக்கம் கொண்டு அவரைச் சானடோரியத்துக்கு அனுப்புவார். இலேசானவரை வீட்டுக்கு அனுப்புவார். பிறகு வீட்டிலிருந்தவர் அதிகம் பிழைத்தார் என்றால், அது வீட்டின் பலனா, நோயின் இலேசா? நோயாளியே தேர்ந்துகொண்டாலும் இதே சிக்கல்தான். வசதியுள்ளவர் ஒன்றையும் இல்லாதவர் மற்றொன்றையும் நாடுவர்.

ஒப்பிட்டுப் பார்க்கும் எண்ணம் நம் மருத்துவ மரபுக்குப் புதிதன்று. கி.பி. 925இல் காலமான அபூபக்ர் அர்-ராஸீ தம் ‘அல்-ஹாவீ’யில், மூளையழற்சியான ‘ஸர்ஸாம்’ நெருங்கும் அறிகுறிகள் கண்ட ஒரு சாராருக்கு இரத்தம் எடுத்ததையும், மறு சாராரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டதையும் பதிவு செய்திருக்கிறார். இரத்தம் எடுத்தவர்கள் தப்பினர் என்பது அவர் கண்ட முடிவு. இப்னு சீனாவோ (கி.பி. 980–1037) ‘அல்-கானூன்’ இரண்டாம் நூலில், ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்கு ஏழு நிபந்தனைகளை வகுத்தார். பலன் எப்போதும் நிகழ்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதும், மனித உடலிலேயே சோதிக்க வேண்டும், விலங்கின் உடலில் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதும் அவற்றுள் அடங்கும். இவற்றை எடுத்துக்காட்டி, இன்றைய ஆய்வுமுறை முழுவதும் நம்மிடமிருந்தே போயிற்று என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ராஸீ கண்ட முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. மூளையழற்சிக்கு இரத்தம் எடுப்பது தீர்வன்று. அத்தகைய பேரறிஞரும் பிழைபட்டதன் காரணத்தை எண்ணிப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை. எவருக்கு எடுப்பது, எவரை விடுவது என்பதை அவரே தீர்மானித்தார். ஒப்பீடு இருந்தது, சீட்டு இல்லை.

சீட்டு என்றதும் ஃபிக்ஹு பயின்றோர்க்குக் ‘குர்ஆ’ நினைவுக்கு வரும். நபி யூனுஸ் (அலை) அவர்களின் கப்பலில் சீட்டுக் குலுக்கப்பட்டதையும், மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு யாருக்கு என்று எழுதுகோல்கள் எறியப்பட்டதையும் திருக்குர்ஆன் கூறுகிறது. பயணம் புறப்படும்போது நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியரிடையே சீட்டுக் குலுக்கிய செய்தி ஹதீஸ் நூல்களில் பரவலாக உண்டு. குர்ஆவின் எல்லை எதுவரை என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருப்பினும், உரிமையில் எவரும் எவரையும் விட மேம்படாத இடத்தில்தான் அது இடம்பெறும் என்பதில் ஐயமில்லை. ஒருவருக்கு உரிமை மிகுதி என்று தெரிந்தபின் குலுக்கிப் பார்ப்பது அநீதி. இருவரும் சமம் என்னும்போது நாமாகத் தேர்வதும் அநீதியே.

மருத்துவ ஆய்விலும் இதே நியாயம்தான். எது சிறந்த சிகிச்சை என்பது உண்மையாகவே தெரியாதபோது மட்டுமே நோயாளிகளைச் சீட்டால் பிரிக்கலாம். தெரிந்துகொண்டே குலுக்கினால் அது துரோகம். காசநோயில் இம்முறையின் தொடக்கம் பிரிட்டனில் நிகழ்ந்தது. போருக்குப் பின் ஸ்ட்ரெப்டோமைசின் அங்கே மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லை. புள்ளியியல் அறிஞர் பிராட்ஃபோர்டு ஹில், மூடி முத்திரையிட்ட உறைகளில் சீட்டுகளை வைத்து, யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை அவற்றின்படி முடிவுசெய்ய வகைசெய்தார். 1948இல் வெளியான முடிவின்படி, ஆறு மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். இந்த மரபில் பயின்றவர்தாம் சென்னைக்கு வந்த ஃபாக்ஸ்.

சென்னை ஆய்வில் சேர்ந்தோர் 193 பேர். சீட்டின்படி ஏறக்குறையச் சரிபாதியினர் வீட்டுக்கும், எஞ்சியோர் சானடோரியத்துக்கும் பிரிக்கப்பட்டனர். இரு சாராருக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்துகள்: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும். வேறுபட்டவை இடமும் வாழ்க்கையும் மட்டுமே. சானடோரியத்தில் ஓய்வும் நல்ல உணவும் கிடைத்தன. வீட்டிலிருந்தவர்களோ குறைவாக உண்டனர், அதிகமாக உழைத்தனர், ஒரே அறையில் குடும்பத்தோடு நெருக்கியடித்து உறங்கினர்.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறாரா என்பதே பெருங்கவலையாக இருந்தது. பி.ஏ.எஸ். விழுங்குவதற்கு அருவருப்பானது, வயிற்றையும் புரட்டும். ஆகவே பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மீதமிருந்த மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தனர். அறிவிப்பாளரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் பக்கச்சான்று தேடும் ஹதீஸ் கலை வல்லுநர்களின் விழிப்பை, அந்த ஆய்வைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியாயிற்று. ஓராண்டு இறுதியில் நோய் அடங்கியிருந்தோர் சானடோரியத்தில் 92 விழுக்காடு. வீட்டில் 86 விழுக்காடு. இவ்வளவு சிறிய குழுவில் இந்த இடைவெளி தற்செயலாகவும் நேரக்கூடியதே. மொத்தம் ஐந்தாண்டுக்காலம் அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தபோது இரு சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையிலேயே இருந்தனர்.

நோயாளியை வீட்டில் வைத்தால் மனைவி மக்களுக்குத் தொற்றாதா என்பதே ஊரார் எழுப்பும் அச்சம். இதையும் அவர்கள் விட்டுவிடவில்லை. இரு சாராரின் குடும்பத்தினரையும் எக்ஸ்ரே, தோல் சோதனை ஆகியவற்றால் ஆண்டுக்கணக்கில் சோதித்தனர். நோயாளியை வீட்டில் வைத்திருந்த குடும்பங்களில் புதிதாக நோய் கண்டோர், சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகமில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. நோய் கண்டறியப்படுமுன் அவர் மாதக்கணக்கில் இருமிக்கொண்டு அதே வீட்டில்தான் இருந்தார். தொற்ற வேண்டியது பெரும்பாலும் அப்போதே தொற்றிவிட்டது. சரியான மருந்து தொடங்கியபின் சளியிலுள்ள கிருமி விரைந்து குறைகிறது. ஆகவே ஆபத்து மருந்து தொடங்காத இருமலில் இருக்கிறது. மருந்து உட்கொள்ளும் மனிதரிடம் அன்று. என் நன்னி வீட்டுத் தம்ளர் எவரையும் காத்திருக்காது. காசநோய் பாத்திரத்தால் பரவுவதில்லை, இருமலில் தெறிக்கும் நுண்திவலை கலந்த காற்றால் பரவுகிறது.

இந்த முடிவே இந்தியாவில் 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டத்துக்கு அடித்தளம் ஆயிற்று. படுக்கை தேடுவதை விட்டு, ஊர்தோறும் புறநோயாளியாகவே மருந்து வழங்கும் வழி திறந்தது. பிற நாடுகளும் படிப்படியாகச் சானடோரியங்களை மூடின. மருந்தைப் பணியாளர் கண்ணெதிரில் உட்கொள்ளச் செய்யும் முறையும் இதே மையத்தில் 1960களில் சோதிக்கப்பட்டது: வாரம் இருமுறை மட்டும் கொடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிட்டும், நாள்தோறும் தாமாக உட்கொள்ளும் மருந்துக்குக் குறைந்ததன்று என்று கண்டனர். அம்மையமே இன்று சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது.

சீட்டு எப்போதும் நமக்குப் பிடித்த விடையைத் தருவதில்லை. அதற்கும் சான்று சென்னைக்கு அருகிலேயே உண்டு. பி.சி.ஜி. தடுப்பூசி நல்ல பாதுகாப்புத் தரும் என்று பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டிற்று; அமெரிக்க ஆய்வுகள் சில அவ்வாறு காட்டவில்லை. ஐயம் தீர, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதியில் 1968 முதல் 1971 வரை இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு உண்மையான தடுப்பூசி, சிலருக்குத் தடுப்பு மருந்தற்ற வெற்று ஊசி. எவருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பின்னர் எக்ஸ்ரேயும் சளியும் பார்த்தவருக்கும் தெரியாது. நீதிபதிக்கு வழக்காளியின் பெயர் மறைக்கப்பட்டிருந்தால் எப்படியோ, அப்படி. ஏழரை ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசி பயன் ஏதும் காட்டவில்லை. 1979இல் இம்முடிவு வெளியானபோது அதிர்ந்தவர் பலர்; முறையில் பிழையிருக்கும் என்று தேடியவர்களும் உண்டு. பதினைந்தாண்டுக் கண்காணிப்புக்குப் பின் 1999இல் வெளியான அறிக்கையும் அதையே உறுதிப்படுத்தியது.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு அந்த ஊசியை ஏன் இன்றும் போடுகிறார்கள்? சிறு குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்தும், உடல் முழுவதும் பரவும் கொடிய வகையிலிருந்தும் அது காக்கிறது என்பது பிற ஆய்வுகளால் நிறுவப்பட்டிருப்பதால்தான். செங்கல்பட்டு ஆய்வு கேட்ட கேள்வி வேறு. இந்த வேறுபாட்டை அறியாமல் ‘பி.சி.ஜி. வீண் என்று அரசே சொல்லிவிட்டது’ என்று பரப்பி, குழந்தைக்கு ஊசி போடாமல் விட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆய்வு எந்தக் கேள்விக்கு விடை சொன்னதோ அந்தக் கேள்வியோடு அதை நிறுத்த வேண்டும்.

இதே தவறு உணவு விஷயத்திலும் நேர்ந்தது, அதுவும் அறிஞர்களாலேயே. சென்னை ஆய்வில், குறைவாக உண்ட வீட்டு நோயாளிகளும் நன்கு குணமடைந்ததைக் கண்டு, 1961இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர்: மருந்து சரியாக இருந்தால் உணவு வேறுபாடு குணமடைவதைத் தடுப்பதில்லை என்று. அந்த அளவில் அது சரியே. ஆனால் நாளடைவில் ‘காசநோய்க்கு உணவு முக்கியமில்லை’ என்ற எண்ணமாக அது திரிந்துவிட்டது. நோய் வந்தவர் மருந்தால் பிழைப்பது ஒன்று. பசித்த உடலில் நோய் எளிதில் பற்றுவது மற்றொன்று. இரண்டாவது கேள்வியைச் சீட்டு முறையால் பெரிய அளவில் கேட்க அறுபது ஆண்டுகள் ஆயின. ஜார்க்கண்டில் 2019இல் தொடங்கிய ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், 2,800 நோயாளிகளுக்கும் உணவுப்பொருள் வழங்கினர். அவர்களுடைய குடும்பத்தார் பத்தாயிரத்துச் சொச்சம் பேரைப் பகுதிவாரியாகச் சீட்டால் பிரித்து, ஒரு சாராருக்கு மட்டும் மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தனர். 2023இல் டாக்டர் அனுராக் பார்கவா குழுவினர் வெளியிட்ட முடிவின்படி, உணவு பெற்ற குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது; கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் மட்டும் எனில் 48 விழுக்காடு. அரிசியும் பருப்பும்! ஸதகாவும் ஃபித்ராவும் பங்கிடும் ஜமாஅத்தார், மருந்து உட்கொள்ளும் வீடு ஒன்று தம் மஹல்லாவில் இருந்தால் அதைக் கணக்கில் கொள்வது நலம்.

ஆய்வுகளின் மற்றொரு முகத்தையும் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. 1950களிலும் 60களிலும் நடந்தவற்றில், இன்று நாம் கேட்கும் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் நடைமுறை வேரூன்றியிருக்கவில்லை. பிற்காலத்தும் பிழைகள் நேர்ந்தன. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆந்திரத்தின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமியருக்குப் போட்ட திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டது. பெற்றோர் கையெழுத்திட வேண்டிய படிவங்களில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது தெரியவந்தது. 2013இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லது என்பது வேறு. வலீயின் இஸ்னு இல்லாமல் பிள்ளையின் உடலில் கைவைப்பது வேறு. அதன் பின்னர் சட்டம் இறுகியது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஒப்புதல் பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் பெறப்பட வேண்டும். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் மருத்துவமும் இழப்பீடும் உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமையும் உண்டு. எவரேனும் ஓர் ஆய்வில் சேரும்படி அழைத்தால், ‘எங்களைச் சோதனை எலியாக்குகிறார்கள்’ என்று ஓடுவதும் தவறு; படிக்காமல் கைநாட்டு வைப்பதும் தவறு. எதை எதனோடு ஒப்பிடுகிறீர்கள், எந்தப் பக்கம் விழுந்தாலும் இப்போது கிடைக்கும் சிகிச்சை எனக்குக் குறையாமல் கிடைக்குமா, குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே என்று உட்கார்ந்து கேட்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவர் இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் என்னை ஒதுக்கி அழைத்துச் சென்றார். மருமகளுக்குக் காசநோய் என்று அரசு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம். மணமாகி இரண்டாண்டு, கைக்குழந்தை வேறு. “அஜ்ரத், ஊருக்குத் தெரியறதுக்கு முந்தி அவ அத்தா வீட்டுக்கு அனுப்பிடலாமான்னு பார்க்கிறோம். குணமானதும் கூட்டிக்கலாம்” என்றார். குணமானதும் கூட்டிக்கொள்வார்களா என்ற ஐயம் எனக்கு இருந்தது. தட்டும் தம்ளரும் ஏற்கெனவே தனியாகிவிட்டதையும் அவர் பேச்சிலிருந்து உணர்ந்தேன்.

அவருக்குச் சென்னை ஆய்வைச் சொன்னேன். 193 பேரையும், சீட்டையும், வீட்டாருக்கு அதிகம் தொற்றாததையும் சொன்னேன். அனுப்பிவிட்டால் ஊர் மாறும்போது மருந்து விட்டுப்போகும் ஆபத்து இருப்பதையும் சொன்னேன். முதல் சில வாரம் இருமும்போது வாயை மூடிக்கொள்ளட்டும், சன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைக்கும் வீட்டார் எல்லோருக்கும் தடுப்பு மருந்து உண்டு, மருத்துவமனையிலேயே கேளுங்கள் என்றேன். அரசு நோயாளியின் உணவுக்கென மாதத்துக்கு இவ்வளவு எனக் கணக்கிட்டு வங்கிக் கணக்கில் பணம் செலுத்துகிறது. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பர் முதல் 1,000 ஆக உயர்ந்த உதவி அது. அதற்கும் பதிவு செய்யச் சொன்னேன். அவர் உடனே ஒப்பவில்லை. “வாசித்ததை வச்சு சொல்றீங்க. எங்க வீட்டு நெலம எனக்குத்தானே தெரியும்” என்றார். அதுவும் நியாயமே. மறுநாள் இருவருமாக மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர், நான் சொன்னதையே என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார்.

அந்தப் பெண் கீரனூரிலேயே இருந்தார். இடையில் ஒரு ரமளான் வந்தது. நோன்பை விட மனமில்லாமல் அவர் தயங்கியபோது, நோயாளிக்குரிய ருக்ஸத்தை எடுத்துச் சொல்ல என் மனைவி போய்வந்தார். ஆறு மாதம் நிறைந்தபோது, சளியில் கிருமி இல்லை என்ற பரிசோதனைச் சீட்டை அவருடைய மாமனார் மதரஸாவுக்கே கொண்டுவந்து, பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.